இத்தனை வருடமும் எப்படி இருந்தாய்?

செட்டிநாட்டில் பழைய முகங்கள் எதிரே வந்து நிற்பதற்கென்றே சில மாதங்கள் உண்டு. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது, வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளில் நிலைக்கதவு திறக்கும். முகப்பைக் கழுவிக் கோலம் போடுவார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவில் நாலைந்து வெளியூர்க் கார்கள் நிற்கும். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து இரவில் காரைக்குடியில் இறங்குபவர்கள் ஒரு பக்கம், திருச்சி விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்கள் ஒரு பக்கம். பிள்ளையார்பட்டி சதுர்த்தியிலும், தைப்பூசத்துக்காகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) காவடிக் கூட்டத்திலும் இதே காட்சிதான். பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஆறாம் வகுப்பில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவராக இருப்பார்.

அப்படி எதிர்ப்பட்டவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது என்றால் என்ன செய்வது? அல்லது அவர் தமிழில் பேசினாலும், பக்கத்தில் நிற்கும் கணவரும் பிள்ளைகளும் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்கள் என்றால்? நம்மில் பலர் அந்த இடத்தில் ஒரு புன்னகையோடு ஒதுங்கிக்கொள்கிறோம். முப்பது வருடம் கழித்துக் கிடைத்த சந்திப்பு, ஆங்கிலம் வராது என்ற கூச்சத்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்துபோகிறது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பழைய பெரிய வீடுகள் ஓட்டலாகிவிட்ட இடங்களில் வரவேற்பில் நிற்கும் பெண்கள், பழம்பொருள் கடையில் வேலை செய்யும் பையன்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் ஆச்சிமார்கள் என்று பலரும் வருகிறார்கள். ஊரில் ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுக்க, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்ட ஊர். ஆனால் படித்த ஆங்கிலம் பெரும்பாலும் தேர்வுக்கும் வேலைக்குமான ஆங்கிலம். நேர்முகத் தேர்வில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது. சிறுவயதுத் தோழி எதிரே வந்தால் இரண்டாவது வாக்கியமாக என்ன சொல்வது என்று கேட்டால் வகுப்பே யோசிக்கிறது.

தூரம் போவதும் திரும்பி வருவதும் இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், ஏஜெண்டாகப் போகிறவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குப் போவார். கணக்கு முடித்து ஊர் வருவார். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் 1859இலேயே எழுந்துவிட்டது. ஆனால் அந்நாளில் பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். போனவர் தமிழோடு போய்த் தமிழோடு திரும்பினார். இன்று குடும்பமாகப் போகிறார்கள். பிள்ளைகள் அங்கேயே பள்ளியில் சேர்கிறார்கள். பத்து வயதில் போன பெண் நாற்பது வயதில் வரும்போது நம் வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்) நினைவிருக்கிறது, அதில் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறது, பேச்சு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. அவள் குற்றமில்லை. நம் பக்கத்திலிருந்து கொஞ்சம் கை நீட்டினால் போதும்.

முதல் கூவலுக்குப் பெரிய பயிற்சி வேண்டாம். “ஓ மை குட்னஸ், இஸ் தட் யூ?” என்றால் அட, நீயா என்று பொருள். “வாட் எ லவ்லி ஸர்ப்ரைஸ்!” என்பது எல்லா வயதுக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். “இட்ஸ் பீன் ஏஜஸ்!” என்றால் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அர்த்தம். “ஃபேன்ஸி மீட்டிங் யூ ஹியர்!” என்பது கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் பாணி, வயதானவர்கள் வாயில் அழகாக இருக்கும், இளைஞர்கள் அதிகம் சொல்வதில்லை. “லாங் டைம், நோ ஸீ” எல்லோருக்கும் தெரியும். இலக்கணப்படி அது சரியான ஆங்கிலமே இல்லை. 1900ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே அச்சில் வந்துவிட்ட இந்தத் தொடர், சீனத் துறைமுகங்களில் வழங்கிய கலப்பு ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. சீன மொழியில் இதே அடுக்கில் ஒரு வாழ்த்து இன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினரின் ஆங்கிலமாகவும் அந்நாளில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வேறு மொழிக்காரர்கள் உடைத்துப் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதை, கூச்சப்படுகிறவர்களிடம் நான் அவசியம் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் மட்டும் மிகவும் தேவை. “நைஸ் டு மீட் யூ” என்பதும் “ஹவ் டு யூ டு?” என்பதும் முதன்முதலாக அறிமுகமாகும் ஆளுக்கு உரியவை. பழைய சிநேகிதியிடம் சொன்னால், உன்னை எனக்கு முன்பின் தெரியாது என்று சொல்வது போலாகிவிடும். தெரிந்தவரிடம் “நைஸ் டு ஸீ யூ அகெய்ன்” என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய கணவரைக் காட்டி அறிமுகம் செய்தால், கணவரிடம் “நைஸ் டு மீட் யூ” என்று சொல்லலாம். ஒரே நிமிடத்தில் இரண்டும் தேவைப்படும் என்பதால், எங்கள் வகுப்பில் மூன்று பேரை நிறுத்தி இதைப் பழக்குகிறோம்.

அடுத்தது பெயர். நம்மூரில் பழையவர்களைப் பார்த்தால் என்னைத் தெரிகிறதா என்று கேட்டு, அவர் திணறுவதைப் பார்த்துச் சிரித்து, அப்புறம்தான் சொல்வோம். அதில் ஓர் உரிமையும் விளையாட்டும் இருக்கிறது. தெரியவில்லை என்றால் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று நூல் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடலாம். ஆனா ரூனா வீடு என்று குடும்பத்தின் முதலெழுத்துகளான விலாசத்தைச் சொன்னால் மூன்று தலைமுறையும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் வளர்ந்தவருக்கு அந்த நூல் கையில் இல்லை. அவரைப் பரீட்சையில் நிறுத்தாமல் நாமே முந்திக்கொள்வது நல்லது: “இட்ஸ் வள்ளி, ஃப்ரம் யுவர் ஓல்ட் ஸ்கூல் இன் காரைக்குடி. வீ யூஸ்ட் டு வாக் ஹோம் டுகெதர்.” பெயர், இடம், சேர்ந்து செய்த ஒரு காரியம். இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். பெயர் மறந்தது நாமாக இருந்தால், “ஐ ஆம் ஸோ ஸாரி, யுவர் நேம் ஹாஸ் ஸ்லிப்ட் மை மைண்ட்” என்று சொல்லிக் கேட்டுவிடலாம். தெரிந்தது போல நடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுவதைவிட அது மரியாதை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லோரும் மனப்பாடம் செய்வது ஆச்சரியத் தொடர்களை. கூவல் அடங்கிய பிறகு ஒரு சின்ன இடைவெளி வருமே, அங்கேதான் சந்திப்பு நிற்பதும் விழுவதும். அந்த இடத்தில் “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டால் “ஃபைன்” என்று பதில் வரும், பேச்சு தீர்ந்துவிடும். அது இன்றைய நலத்தைக் கேட்கும் கேள்வி. பல நாடுகளில் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். “ஹவ் ஹேவ் யூ பீன்?” என்று கேளுங்கள். கடைசியாகப் பார்த்த நாள் தொடங்கி இந்த நிமிடம் வரைக்கும் எப்படி இருந்தாய் என்று அது கேட்கிறது. “வாட் ஹேவ் யூ பீன் டூயிங் ஆல் தீஸ் இயர்ஸ்?” என்றால் இன்னும் நன்றாகக் கதவு திறக்கும். கேட்டவர் கதை கேட்க நிற்கிறார் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கால வடிவத்தைப் பள்ளியில் எல்லோரும் அட்டவணையாகப் படித்திருக்கிறோம். அது எதற்கு என்று அப்போது விளங்கியிருக்காது. பிரிந்த நாளையும் இன்றையும் சேர்த்துக் கட்டுவதற்குத்தான். தமிழில் 2009இலிருந்து காரைக்குடியில் இருக்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதையே அப்படியே எடுத்துக்கொண்டு “ஐ ஆம் இன் காரைக்குடி சின்ஸ் 2009” என்கிறோம். “ஐ ஹேவ் பீன் இன் காரைக்குடி சின்ஸ் 2009” என்பதே ஆங்கில வழக்கு. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். கால அளவைச் சொன்னால் ஃபார். “ஃபார் ஃபிஃப்டீன் இயர்ஸ்” என்று வரும், “சின்ஸ் ஃபிஃப்டீன் இயர்ஸ்” என்று வராது.

அதோடு ஒட்டியே இன்னொன்று இருக்கிறது. இது செட்டிநாட்டுக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. அவர் சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று தமிழில் சொன்னால், இப்போது அங்கே இருக்கிறார் என்றும் கொள்ளலாம், எப்போதோ ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. “ஹி ஹாஸ் கான் டு சிங்கப்பூர்” என்றால் போனவர் இன்னும் வரவில்லை. “ஹி ஹாஸ் பீன் டு சிங்கப்பூர்” என்றால் போய்விட்டுத் திரும்பிவிட்டார். உங்கள் மகன் எங்கே என்று தோழி கேட்கும்போது இரண்டையும் மாற்றிச் சொன்னால், வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தது ஆகிவிடும்.

இவ்வளவும் இலக்கணம். ஒரு மாலை இதன் உண்மையான பயன் என்ன என்று எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

வகுப்புக்கு வரும் ஒருவர் பலகாரத் தொழில் செய்கிறார். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை எல்லாம் டின்னில் அடைத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பார், வெளிநாட்டுக்கும் போகும். கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு டின்களை இறக்கப் போன இடத்தில், பட்டாலை என்னும் கூடத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து இவர் நின்றுவிட்டார். ஏழாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரோடு இங்கிலாந்து போன சிநேகிதி. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூவல், சிரிப்பு எல்லாம் ஆயிற்று. சிநேகிதி முதலில் கேட்டது இவருடைய அம்மாவைப் பற்றி. அந்த அம்மா பள்ளி விட்டு வரும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கந்தரப்பம் சுட்டு வைத்திருப்பார். அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இவர் “மை மதர் எக்ஸ்பயர்ட்” என்று சொன்னார்.

சிநேகிதிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கணம் அவள் முகம் திடுக்கிட்டதை இவர் பார்த்துவிட்டார். அதற்குமேல் வாய் எழவில்லை. யாரோ கூப்பிட, சிநேகிதி உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவே இவர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். “டீச்சர், நான் என்ன தப்பாகச் சொன்னேன்?” என்று கேட்டார். நம் நாட்டில் செய்தித்தாளிலிருந்து அலுவலக விண்ணப்பம்வரை எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் அது வழக்கமான மரியாதைச் சொல்தான். ஆனால் இங்கிலாந்தில் வளர்ந்தவர் அதை மருந்துப் பாட்டிலிலும் காலாவதியான டிக்கெட்டிலும் பார்த்துப் பழகியவர். “ஷி பாஸ்ட் அவே டூ இயர்ஸ் அகோ” என்றால் அங்கே மென்மையாகப் போய்ச் சேரும் என்று சொன்னேன். “சரி டீச்சர், ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை. அம்மா கடைசிவரைக்கும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது?”

“ஷி யூஸ்ட் டு டாக் அபௌட் யூ ஆல் த டைம்.” முன்பு வழக்கமாக நடந்து, இப்போது நின்றுபோனவற்றைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் வடிவம் அது. அவர் கையில் இருந்த ஆர்டர் நோட்டைத் திருப்பினார். முன்பக்கம் தேன்குழல் 300, மணகோலம் 5 கிலோ என்று கணக்கு. பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பலமுறை வாய்விட்டுப் படித்தார். “டாக்” என்பதை “டாக்டர்” போலச் சொல்லாமல் நீட்டிச் சொல்லப் பழகினார். மறுநாள் காலை, கல்யாண வீட்டார் கிளம்புவதற்கு முன்னால் கோட்டையூருக்குப் பஸ் ஏறிப் போய், நேரில் சொல்லிவிட்டு வந்தார். கைநிறையக் கந்தரப்பமும் கொண்டுபோயிருந்தார்.

பேச்சு ஆங்கிலப் புத்தகம் போடுகிறவர்கள் இந்த வாக்கியத்தை முதல் பத்துப் பக்கத்துக்குள் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் இருவருக்கு நடுவே ஏதோ ஓர் இறப்பு இருக்காமல் போவது அரிது. அப்பா எப்படி இருக்கிறார் என்று நாம்தான் ஆசையாகக் கேட்போம். அவர் இல்லை என்று பதில் வரும். அப்போது என்ன செய்வது? நம் வழக்கத்தில் அந்த இடத்தில் சொல் குறைவு. கையைப் பிடித்துக்கொள்வோம், தெரியாமல் போயிற்றே என்போம், வசதிப்படும் நாளில் வீடு தேடிப் போய்க் கேதம் கேட்டு வருவோம். ஆங்கிலத்தில் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்: “ஐ ஆம் ஸோ ஸாரி. ஐ ஹேட் நோ ஐடியா.” இங்கே வரும் ஸாரி மன்னிப்பு இல்லை, துக்கத்தில் பங்கு கொள்கிறேன் என்று பொருள். நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம், உங்கள் தப்பா என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் யாராவது அப்படிச் சொன்னால் “தேங்க் யூ” என்பது போதும். சாவு வீட்டில் நன்றி சொல்லிப் பழகாத நமக்கு இது முதலில் உறுத்தும். அவர்கள் வழக்கத்தில் அதுவே சரி. முடிந்தால் இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல நினைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஹி வாஸ் ஆல்வேஸ் ஸோ கைண்ட் டு மீ.” பிறகு கையைப் பிடித்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

உடம்பைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் கவனம் தேவை. இளைத்துவிட்டாயே, கருத்துவிட்டாயே, உடம்பு போட்டுவிட்டதே என்று நாம் சொல்வது அக்கறையால். ஆங்கிலத்தில் “யூ ஹேவ் பிகம் ஃபாட்” என்பது வலிக்கும் சொல். கருத்துப்போனதைப் பேசவே கூடாது. இளைத்துவிட்டாய் என்பதை அங்கே பலர் பாராட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். நோயால் இளைத்தவரிடம் சொல்லிவிட்டால் சங்கடம். “யூ ஹேவன்ட் சேஞ்ச்ட் எ பிட்” என்று சொல்லுங்கள். கொஞ்சமும் மாறவில்லை என்பது முழு உண்மை இல்லைதான். ஆனால் நம் தோழியின் முகத்தில் பழைய முகத்தை நாம் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம் என்பது உண்மை.

எதற்காக வந்தாய் என்பதை “வை ஹேவ் யூ கம் ஹியர்?” என்று கேட்டால் விரட்டுவது போலிருக்கும். “வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?” என்றால், என்ன இந்தப் பக்கம் என்று நாம் கேட்பதன் அதே இனிமை வந்துவிடும். எந்த வருடம் படிப்பை முடித்தாய் என்பதற்கு நம்மவர்கள் “பாஸ்ட் அவுட்” என்கிறார்கள். இந்தியாவுக்கு வெளியே அது பெரும்பாலும் மயங்கி விழுந்ததைக் குறிக்கும். “வென் டிட் யூ ஃபினிஷ் காலேஜ்?” போதும். சம்பளத்தைக் கேட்க வேண்டாம். பிள்ளை இல்லையா என்றும் கேட்க வேண்டாம்; “ஹவ்ஸ் த ஃபேமிலி?” என்று கேட்டு நிறுத்தினால், சொல்ல விரும்புவதை அவரே சொல்வார். இந்தக் கடைசி யோசனையைத் தமிழுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய கதைகளுக்கு வந்துவிட்டால் ஆங்கிலம் தானாக ஓடும். “டூ யூ ரிமெம்பர்” என்று தொடங்கி, பின்னால் வரும் வினைக்கு “இங்” சேர்த்துக்கொண்டால் போதும்: “டூ யூ ரிமெம்பர் ஹைடிங் பிஹைண்ட் த பில்லர்ஸ்?” வளவுத் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியது ஞாபகம் இருக்கிறதா என்று பொருள். இதையே “ரிமெம்பர் டு ஹைட்” என்றால் மறக்காமல் ஒளிந்துகொள் என்று கட்டளையாகிவிடும். வகுப்பில் ஒவ்வொருவரையும் தன் சிறுவயதிலிருந்து ஒரு காட்சியை இந்த அமைப்பில் சொல்லச் சொல்வேன். பட்டியக்கல்லில் படுத்துக்கொண்டு படித்தது, ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் வெறுங்காலோடு ஓடியது, பிள்ளையார் நோன்பன்று, மாவில் ஏற்றிய திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழையை எடுத்துக்கொள்ளும்போது சுடருக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டது. 21 நூல் திரித்த அந்தத் திரியைப் பற்றி ஒரு ஆச்சி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வந்து, மறுபடியும் ஆங்கிலத்துக்குப் போய் முடித்தார். வகுப்பு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அன்று தயக்கமில்லாமல் பேசினார்கள். நம்முடைய காட்சி மனத்தில் தெளிவாக இருந்தால் வாய்க்குச் சொல் எட்டிவிடுகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் “வீ மஸ்ட் கேட்ச் அப் ஸம்டைம்” என்று சொல்வார்கள். எப்போதாவது சந்திப்போம் என்பது அதன் பொருள். நாள் குறிக்காதவரை அது அன்பான விடைபெறுதல் மட்டுமே. அதை அழைப்பு என்று நம்பி மறுநாள் காலையில் இலை போட்டுக் காத்திருக்க வேண்டாம். அதே சமயம், நாமும் அப்படித்தான் பேச வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை. செட்டிநாட்டில் நின்றுகொண்டு பேசும்போது நம் வழக்கப்படி அழைப்பதுதான் முறை. “ஹேவ் யூ ஈட்டன்?” என்று வெறுமனே கேட்டால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று சிலருக்கு விளங்காது. “கம் ஓவர் ஃபார் லஞ்ச் டுடே. பிரிங் எவ்ரிவன்” என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். மிளகாய் தாங்காத பிள்ளைகள் இருந்தால், “டூ த சில்ட்ரன் ஈட் ஸ்பைஸி ஃபூட்?” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரம் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். உடன் வைக்கும் காரச் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டால் போதும்.

கிளம்பும்போது “ஐ ஆம் கோயிங்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், கோபித்துக்கொண்டு போவது போல் இருக்கும். போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். “ஐட் பெட்டர் கெட் கோயிங்” என்றால் கிளம்ப மனமில்லை, ஆனாலும் கிளம்ப வேண்டும் என்ற தொனி வரும். “இட் வாஸ் ஸோ குட் டு ஸீ யூ” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “டெல் யுவர் மதர் ஐ ஆஸ்க்ட் ஆஃப்டர் ஹர்.” நான் கேட்டதாகச் சொல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை.

எண்ணை வாங்காமல் விடாதீர்கள். கல்யாண வீட்டு நெரிசலில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட எண்கள் கிடைப்பதே இல்லை. வாங்கிய எண்ணுக்கு அன்று இரவே ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டு நாள் தள்ளினால் என்ன எழுதுவது என்று தயக்கம் வந்துவிடும். நீளமாக எழுதத் தேவையில்லை: “இட் வாஸ் லவ்லி ரன்னிங் இன்டு யூ டுடே. ப்ளீஸ் கம் ஃபார் லஞ்ச் பிஃபோர் யூ லீவ். இஸ் சண்டே ஆல் ரைட்?” ரன்னிங் இன்டு என்றால் எதிர்பாராமல் சந்தித்தது, ஓடிப்போய் மோதியதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோதுப்படாது என்று பதில் வந்தால் திங்கட்கிழமையைச் சொல்லுங்கள்.